மீன் ஐஸில் ஒரு மொஹீட்டோ

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வள்ளம் ஏறியவன் நான். ளகரமும் ழகரமும் வாயில் சரியாக வரும். தாளில் இறங்கும்போது ஒன்றின் இடத்தில் மற்றது போய் உட்கார்ந்துவிடும். போதாக்குறைக்கு என் விரல்கள் நாள் முழுவதும் சவர்க்காரத் தண்ணீரில் ஊறுபவை, பேனை வழுக்குகிறது. இதை அச்சுக்குக் கொடுப்பவர் பிழைகளைத் திருத்திவிடுவார் என்று நம்புகிறேன். திருத்தும்போது அவருக்குச் சிரிப்பு வந்தால், எந்த இடத்தில் வந்தது என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை.

சுவிஸில் ஓர் ஏரிக்கரைப் பட்டணத்தில், ஒரு பாரில் நான் கிளாஸ் கழுவுகிறேன். அங்கே வேலைக்குச் சேர்ந்த கிழமையே ஒரு புதினம் பார்த்தேன். மலை ஏறுகிறவன் போல உடம்பு வைத்த ஒருவன் வந்து நின்று, "மொஹீட்டோ, ஓனே" என்றான். மொஹீட்டோ என்பது தேசிக்காய், புதினா, சீனி, சோடா, நொறுக்கிய ஐஸ், றம் எல்லாம் சேர்ந்த குடிவகை. 'ஓனே' என்றால் 'இல்லாமல்'. அதாவது றம் இல்லாமல். நான் துணியும் கையுமாக நின்று பார்த்தேன். இப்போது யாராவது ஏன் என்று கேட்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. பார் பொறுப்பாளர் ரூத் கேட்கவில்லை, பக்கத்தில் இருந்தவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் ஆற அமர உறிஞ்சிக் குடித்துவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். நான்தான் கழுவிய கிளாசையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் நான் பிறந்த ஊர்காவற்றுறையில் ஓர் ஆம்பிளை கிளாசை வேண்டாம் என்று தள்ளினால் அது சின்ன விஷயம் இல்லை. "என்ன காணும், சீனி வருத்தமோ?" என்று தொடங்குவார்கள். இல்லை என்றால், "ஈரலோ?" அதுவும் இல்லை என்றால், "மனுசி விடமாட்டாவோ?" அதற்கும் இல்லை என்று தலையாட்டினால் கடைசிக் கேள்வி வரும்: "அப்ப, எங்களோட குடிக்கிறதுக்கு உமக்குக் கௌரவம் இடங்குடுக்கேல்லையோ?" இதற்குப் பதில் சொல்லி வென்ற ஒருவரையும் எனக்குத் தெரியாது.

எனக்குச் சாராயம் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. பெரிய கொள்கை ஒன்றும் கிடையாது. குடித்தால் வாந்தி வரும், அவ்வளவுதான். வேலை முடிந்த ஒரு நாள் ரூத் எனக்கு ஒரு பியர் ஊற்றி நீட்டினாள். வேண்டாம் என்றேன். "சமயமா?" என்று கேட்டாள். நான் கத்தோலிக்கன் என்றேன். "நானும்தான். அப்படியென்றால் என்ன பிரச்சினை?" என்றாள். வாந்தி என்பதற்கு ஜெர்மன் சொல் எனக்கு அப்போது தெரியாது. வயிற்றைத் தொட்டு, "மாகன், மாகன்" என்றேன். வயிறு என்று அர்த்தம். அவள் முகம் இரக்கத்தால் நிரம்பியது. உள்ளே ஓடிப்போய், மூலிகை போட்ட கறுப்புச் சாராயம் ஒன்றைச் சின்னக் கிளாசில் கொண்டுவந்து, வயிற்றுக்கு இதைப்போல மருந்து கிடையாது என்று சைகை காட்டினாள். எனக்கு 'ஓனே' என்ற சொல் இருப்பது அப்போது ஞாபகம் வரவில்லை. கூச்சக்காரனுக்கு வேண்டிய சொல் வேண்டிய நேரத்தில் வராது. குடித்தேன். பிறகு நடந்ததை எழுத வேண்டாம்.

போன தை மாதம் விடுமுறையில் ஊருக்குப் போனேன். அக்காவின் மகள் டிலானிக்குக் கலியாணம் சரிவந்திருந்தது. மாப்பிள்ளை நெடுந்தீவு. பிள்ளைகள் இரண்டு பேரும் விரும்பி, பெரியவர்கள் பிறகு சம்மதித்தது. நாள் குறிக்க மாப்பிள்ளை பகுதி வருவதாக இருந்தது. எங்கள் பக்கத்தில் நாள் குறித்து முடிந்ததும் சம்பந்திமார் இருவரும் ஒரே போத்தலில் இருந்து ஊற்றிக் குடிக்க வேண்டும். இது பூசைப் புத்தகத்தில் இல்லை. ஆனால் தவறவிட்டால் சுவாமியாரைவிட ஊர் அதிகமாகக் கோபிக்கும். போத்தலைக் கொண்டுவந்து வைப்பது வெளிநாட்டு மாமனின் கடமை. நானும் விமான நிலையத்தில் ஒரு றம் போத்தல் வாங்கி, உடுப்புகளுக்கு நடுவில் குழந்தையைப் போலச் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன்.

போய் இறங்கிய அன்றே டிலானி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"மாமா, அந்தப் போத்தலை அப்பாவுக்குக் காட்டிப்போடாதேங்கோ."

டிலானியின் அப்பாவான என் அத்தானுக்கு ஒரு மிடறு என்ற கணக்குக் கிடையாது. முதல் மிடறு உள்ளே போனால் வள்ளம் கரையில் கிடந்து வெயிலில் காய்ந்து வெடிக்கும், அக்கா பிறத்தியார் வீட்டில் மீன் வாங்குவாள். அப்படிப்பட்டவர் அந்தோனியார் கோயிலில் முழங்காலில் நின்று நேர்த்தி வைத்து, இரண்டு வருடமாகத் தொடவில்லை. அவருடைய பலவீனம் எங்களுக்குத் தெரியும். ஒருவர் அன்பாக நீட்டினால் அவருக்கு மறுக்கத் தெரியாது. மாப்பிள்ளையின் தகப்பன் செபமாலை அண்ணையோ, குடியாத மனிசனை நம்பக் கூடாது என்று துறைமுகத்தில் வைத்தே சொல்பவர் என்று பெயர் எடுத்தவர்.

"அப்பா குடிக்காட்டி அந்தப் பகுதி எழும்பிப் போயிடும். குடிச்சால் நான் எழும்பிப் போயிடுவன். எனக்கு இந்தக் கலியாணமே வேண்டாம்," என்றாள் டிலானி. கண் கலங்கவில்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. "நீங்கள் பாரிலதானே மாமா வேலை செய்யிறீங்கள். குடிவகை மாதிரி இருக்கிற, ஆனால் ஒண்டும் இல்லாத சாமான் உங்களுக்குச் செய்யத் தெரியும்தானே?"

இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். போத்தல்கள் அடுக்கிய தட்டுக்கு முன்னால் நான் நிற்கும் படம் ஒன்று அக்கா வீட்டு அலுமாரியில் இருக்கிறது. தட்டைத் துடைக்கும்போது ரூத் எடுத்த படம். துணி தெரியாது. அதைப் பார்த்துப் பார்த்து, நான் பாரில் குடிவகை கலக்கும் பெரிய ஆள் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை வளர்ந்திருந்தது. எனக்கு மொஹீட்டோவின் அடிப்பக்கம்தான் பழக்கம்: கழுவ வரும் கிளாசில் ஒட்டியிருக்கும் புதினா இலை, நசுங்கிய தேசிக்காய்த் தோல், கரையாத சீனி. இருந்தாலும் கூச்சக்காரனுக்கு 'இல்லை' என்று சொல்வதைவிட 'ஓம்' என்று சொல்வது சுலபம்.

"ஓம். செய்யலாம்," என்றேன்.

அக்காவையும் கூட்டில் சேர்த்தோம். றம்முக்குப் பதில் ஏதாவது வேண்டும். வெறும் தேசிக்காய்த் தண்ணீரைக் கொடுத்தால் செபமாலை அண்ணை தண்ணீரோடு என்னையும் வெளியே ஊற்றிவிடுவார். பனங்கட்டியை உடைத்துச் சட்டியில் போட்டுக் கருக்கினேன். கசக்கத் தொடங்குவதற்கு ஒரு நொடி முன்னால் இறக்க வேண்டும். அதில் கடும் தேயிலைச் சாயத்தை ஊற்றினேன். நெஞ்சில் எரிய வேண்டுமே என்று இஞ்சியும் மிளகும் கராம்பும் இடித்துப் போட்டுக் கொதிக்கவைத்து, துணியில் வடித்தேன். நிறம் அசல் றம். அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தம்பி, இது ரசம். பருப்புத்தான் குறை."

இரண்டாம் முறை மிளகைக் குறைத்தேன். "தடிமன் காய்ச்சலுக்கு நல்லம்," என்றாள். மூன்றாம் முறை ஒரு கரண்டி பனங்கள்ளு வினாகிரி விட்டேன். அக்கா மூக்கைச் சுருக்கி, கண்ணை மூடி, உடம்பை ஒருதரம் உலுப்பினாள். "இப்ப சரி. உன்ர அத்தான் கிட்ட வந்தால் முந்தி இப்பிடித்தான் மணக்கும்," என்றாள். அதைவிடப் பெரிய நற்சாட்சிப் பத்திரம் எனக்குக் கிடைத்ததில்லை.

புதினாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உரலில் போட்டவளும் அவள்தான். நான் திரும்புவதற்குள் அது சம்பலாகிவிட்டது. புதினாவை எழுப்ப வேண்டும், கொல்லக் கூடாது. உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டி, சீனியோடும் தேசிக்காயோடும் லேசாக அமத்தினால் போதும் என்று விளக்கினேன். அன்று இரவு அந்தச் சம்பலோடு இடியப்பம் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

அசல் றம்மை அக்கா வெறும் நல்லெண்ணெய்ப் போத்தல் ஒன்றில் ஊற்றி, முழங்காலுக்குப் பூசுவதற்கு என்று அலுமாரியின் பின்பக்கம் ஒளித்தாள். றம் போத்தலில் பனங்கட்டிச் சாயம் ஏறியது. அத்தானிடம் விஷயத்தைச் சொன்னோம். மனிதர் எழும்பிப் போய் அரை நாள் வலை பொத்தினார். பிறகு, "நடிக்கவும் வேணுமோ?" என்று கேட்டார். மூன்றாம் கிளாசுக்குப் பிறகு கொஞ்சம் நாக்குத் தடுமாறினால் போதும் என்றேன்.

எல்லாம் சரி. ஐஸ் என்ற ஒன்றை மட்டும் நான் சரியாக யோசிக்கவில்லை. பாரில் ஐஸ் என்றால் குடிக்கிறதற்கு. ஊரில் ஐஸுக்கு ஒரேயொரு வேலைதான். அக்காவின் குளிர்சாதனப் பெட்டி தரும் ஐஸ் இரண்டு கிளாசுக்குக் காணாது என்பதால் அத்தானிடம் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். அவர் காலையில் ஐஸ் போடும் இடத்தில் நல்ல கட்டியாகப் பார்த்து வாங்கி, வழக்கம்போலத் தன் ரெஜிபோம் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். முதல்நாள் வரைக்கும் பாரைமீன் படுத்திருந்த பெட்டி. மூடியைத் திறந்தேன். மணம் முகத்தில் அடித்தது.

"அத்தான், மீன் மணக்குது!"

அவர் குனிந்து முகர்ந்தார். "எங்க?"

அக்காவைக் கூப்பிட்டேன். முகர்ந்தாள். "ஒண்டும் மணக்கேல்லையே." டிலானி ஐஸ் துண்டு ஒன்றை எடுத்து வாயிலேயே போட்டுக்கொண்டாள். "நல்லாத்தானே கிடக்கு மாமா."

மூன்று பேரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். அங்கே அந்தக் கடற்கரையில் பிறந்து வளர்ந்த மூக்குகள் நான்கு இருந்தன. அதில் ஒன்றுக்கு மட்டும்தான் மீன் மணத்தது. இன்னொரு கட்டி வாங்க நேரம் இல்லை, படலையில் மாப்பிள்ளை பகுதியின் வான் வந்து நின்றுவிட்டது.

நெடுந்தீவிலிருந்து வள்ளத்தில் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து வான் பிடித்து வந்தவர்கள். கடைசி வள்ளத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதால் பேச்சு விறுவிறுவென்று முடிந்தது. ஆனியில் கலியாணம் என்று நாளும் குறித்தாயிற்று. பெண்கள் உள்ளே போனார்கள். ஆண்கள் வளவில் பந்தலுக்குக் கீழே கதிரைகளை இழுத்து வட்டமாகப் போட்டார்கள். நான் எப்போதோ அனுப்பி, ஒட்டியிருந்த கடை விலைத் துண்டுகூடக் கழலாமல் அலுமாரியில் வீற்றிருந்த கிளாஸ்கள் அன்றுதான் வெயிலைக் கண்டன.

மாப்பிள்ளையின் தாய்மாமன் வின்சன் அண்ணை போத்தலைத் தூக்கிப் பார்த்தார். "மூடி திறந்து கிடக்குது?"

நான் தேசிக்காயைத் தேடுவதுபோலக் குனிந்தேன். "ருசி… ருசி பார்த்தனான்."

"அதுதான் கை நடுங்குது! ஆள் முந்தியே தொடங்கிட்டார்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் புதினாவைக் கையில் தட்டி, தேசிக்காயை அமத்தி, சாக்கில் சுற்றித் துடுப்புக் கட்டையால் நொறுக்கிய ஐஸை அள்ளிப் போட்டேன். "என்ன இலைகுழை எல்லாம் போடுறீர்? குடி எங்களுக்கோ, ஆட்டுக்கோ?" என்றார் மறுபடியும். நான் போத்தலில் இருந்ததை ஊற்றி, சோடாவால் நிரப்பி நீட்டினேன்.

செபமாலை அண்ணையும் அத்தானும் கிளாசைத் தொட்டுக்கொண்டு குடித்தார்கள். செபமாலை அண்ணை வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் விழுங்காமல் இருந்தார். விழுங்கினார். கிளாசைப் பார்த்தார்.

"நல்ல சாமான்," என்றார்.

வின்சன் அண்ணை ஒரே மூச்சில் இறக்கி, நெஞ்சைத் தடவினார். "அப்பா! வெளிநாட்டுச் சரக்கு எண்டால் வெளிநாட்டுச் சரக்குத்தான். பாரும், எப்பிடி இறங்குது!" இறங்கியது இஞ்சி. இரண்டாம் கிளாசில் அவர் காது சிவந்தது. மூன்றாம் கிளாசில் இங்கிலீசு பேசத் தொடங்கினார். நான்காம் கிளாசில் தன் அக்காவை, அதாவது மாப்பிள்ளையின் தாயை, நினைத்து அழுதார். அந்த அக்காவோ பத்தடி தள்ளிக் குசினிக்குள் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அத்தானுக்கு நான் சொல்லிவைத்ததெல்லாம் காற்றில் போயிற்று. முதல் கிளாசிலேயே கதிரையில் சரிந்து, இரண்டாவதில் வின்சன் அண்ணையின் தோளில் கைபோட்டு, "மச்சான், நீர் என்ர சகோதரம்," என்று குழறினார். கண் கலங்கிப் பளபளத்தது. அக்கா குசினி யன்னலால் அதைப் பார்த்துவிட்டு என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"தம்பி, உண்மையைச் சொல்லு. போத்தலை மாத்தி எடுத்துப்போட்டியோ? உந்த மனுசனை எனக்குத் தெரியும். உது நடிப்பில்லை!"

எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு பேரும் அறைக்குள் ஓடி அலுமாரியைத் திறந்தோம். நல்லெண்ணெய்ப் போத்தல் கழுத்து வரை நிறைந்து, வைத்த இடத்திலேயே இருந்தது. அக்கா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கட்டிலில் இருந்துவிட்டாள். டிலானி வாசலில் நின்று எங்களைப் பார்த்தாள். பயப்பட ஒன்றும் இல்லை என்று தலையாட்டினேன். அவள் பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தாள்.

வான் புறப்பட ஆயத்தமானபோது செபமாலை அண்ணை கை கழுவ வேண்டும் என்று என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் தண்ணீர் அள்ளி ஊற்றினேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"தம்பி, உதுக்குள்ள ஒண்டும் இல்லைத்தானே?"

நான் இன்னொரு வாளி அள்ளினேன்.

"றம் எண்டால் மற்ற மணம் எல்லாத்தையும் மூடிப்போடும் காணும். இதில புதினா மணக்குது, இஞ்சி மணக்குது, கராம்பு தனிய மணக்குது. நாற்பது வருசம் குடிச்ச எனக்குத் தெரியாதோ?"

"மீன்?" என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

"மீனோ? மீன் எங்க மணக்குது?" என்று வியந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நானும் விட்டு எட்டு மாசம். நெஞ்சுக்குள்ள குத்தினது. மனுசிக்கு மட்டும்தான் தெரியும். இண்டைக்கு உங்கட ஆக்கள் ஊத்தித் தந்தால் என்னெண்டு தள்ளுறது எண்டு வள்ளத்தில வரேக்க செபமாலை சொல்லிக்கொண்டு வந்தனான். சம்பந்தி பெரிய குடிகாரன் எண்டு சொன்னாங்கள். குடியாட்டி கோவிப்பார் எண்டு பயந்துபோனன்."

இரண்டு வீட்டாரும் ஒருவருக்கு ஒருவர் பயந்து நடுங்கியிருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து மூக்கால் வந்தது. அவருக்கும் வந்தது. கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் சத்தம் வராமல் குலுங்கினோம்.

"வின்சனுக்குச் சொல்லிப்போடாதையும்," என்றார் கண்ணைத் துடைத்தபடி. "பாவம், இப்பிடிச் சந்தோசமா இருந்து கனகாலம்."

வின்சன் அண்ணையை இரண்டு பேர் தாங்கித்தான் வானில் ஏற்றினார்கள்.

அன்று பின்னேரம் அத்தான் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். ஏன் அப்படி ஆடினீர்கள், அக்கா செத்துப் பிழைத்தாள் என்று கேட்டேன். "வெறிச்ச மாதிரி ஒருக்கா இருக்க ஆசையா இருந்தது மச்சான்," என்றார். "நாளைக்குத் தலையிடி இல்லை. உன்ர அக்காவும் பேசமாட்டா. உப்பிடி ஒரு வெறி ஆருக்குக் கிடைக்கும்?"

திரும்பி வந்த பிறகு கிளாஸ் கழுவும்போது இதையெல்லாம் நினைத்துக்கொள்வேன். இங்கே ஒருவன் 'ஓனே' என்கிறான், ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை. எனக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் போன மாரியில் நான் பத்து நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு வேலைக்குப் போனபோதும் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஊரில் என்றால் சீனி வருத்தத்தில் தொடங்கி ஈரல் வரைக்கும் விசாரித்து, எனக்கு இல்லாத வியாதி எல்லாவற்றுக்கும் மருந்து சொல்லியிருப்பார்கள்.

கலியாணத்துக்கு எனக்கு விடுமுறை கிடைக்கவில்லை. அதற்கு முன்பே செபமாலை அண்ணை தொலைபேசியில் கூப்பிட்டு, கலியாண வீட்டுக்கும் அதே சாமான் ஒரு கிடாரம் வேண்டும், செய்முறையைச் சொல்லும் என்றார். "என்னைப்போல ஒளிச்சுக்கொண்டு திரியிற ஆக்கள் எத்தினை பேரோ, ஆர் கண்டது?" பனங்கட்டியில் இருந்து வினாகிரி வரைக்கும் சொல்லிக் கொடுத்தேன். இப்போது கலியாணம் முடிந்துவிட்டதால் எழுதுகிறேன். வின்சன் அண்ணை இதை வாசிக்க மாட்டார். வாசித்தாலும் நம்ப மாட்டார்.

கலியாணத்தன்று காலை பார் இன்னும் திறக்கவில்லை. கதிரைகள் மேசைகளின் மேல் கவிழ்ந்து கிடந்தன. தொலைபேசியைக் கிளாஸ் தட்டில் சாய்த்து வைத்தேன். அங்கே மத்தியானம், பந்தல், பாட்டு, வியர்த்த முகங்கள். அத்தானும் செபமாலை அண்ணையும் கிளாசை உயர்த்திக் காட்டினார்கள். பின்னால் வின்சன் அண்ணை யாருக்கோ இங்கிலீசில் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். டிலானி முகத்திரையை ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "மாமா, நீங்களும் குடியுங்கோ!"

எனக்கென்று ஒன்று கலந்தேன். புதினாவைத் தட்டி எழுப்பினேன். தேசிக்காய், சீனி, சோடா. கடைசியாக இயந்திரத்தின் கதவைத் திறந்து ஐஸை அள்ளினேன், கண்ணாடிபோல் சுத்தமான ஐஸ். கிளாசை மூக்கருகே கொண்டுபோனேன். புதினாவும் தேசிக்காயும் மட்டும்தான் மணத்தன. வாயில் வைத்தேன். ஏதோ ஒன்று குறைந்தது. குறைந்தது றம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"எப்பிடி மாமா இருக்கு?" என்று கேட்டாள் டிலானி.

"நல்லா இருக்கு, பிள்ளை," என்று சொல்லிவிட்டு, இன்னொரு கை ஐஸ் அள்ளி முகர்ந்து பார்த்தேன்.

ஆனி 29, திங்கட்கிழமை. பார் பூட்டியிருக்கும் நாள்.